தேநீரால் எழுதிய பெயர்

எல்லாப் பெயர்களுக்கும் உரியவனாய், எந்தப் பெயருக்குள்ளும் அடங்காதவனாய் நிற்கும் அம்பலவாணன் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். ஆனித் திருமஞ்சன நன்னாளாகிய இன்று, முத்தியால்பேட்டை வீட்டில் காலைப் பூசையை முடித்து, திருநீறு இன்னும் நெற்றியில் உலராத வேளையில் இக்குறிப்பைத் தொடங்குகிறேன்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, விருப்ப ஓய்வு பெற்று, அதன்பின் சீனத்தின் தென்பகுதியில் ஓர் ஆற்றங்கரை நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சில ஆண்டுகள் அயல்நாட்டு ஆசிரியனாக வேலை பார்த்தவன் நான். இப்போது நம் ஊரிலிருந்து அதே வேலைக்குப் புறப்படுகிறவர்கள் வந்து விசா, தங்குமிடம், சைவச் சாப்பாடு என்று கேட்கிறார்கள். அவற்றை ஏஜென்ட் சொல்லிவிடுவார். ஏஜென்ட்டுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் நான் எழுதுகிறேன். அங்கே ஆங்கிலத்திலும் சீனத்திலும் நடந்த உரையாடல்களை நம் ஊர்ப் பேச்சாகவே தந்திருக்கிறேன். என் நினைவில் அவை அப்படித்தான் ஒலிக்கின்றன.

1. முதல் நாள்

கல்லூரி அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். குடும்பப் பெயருக்கு அதில் ஓர் இடம் இருந்தது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பெயருக்கு முன் ஓர் எழுத்து நிற்கும், அவ்வளவுதான். அந்த எழுத்து என் தந்தையாருடையது. அதை விரித்து எழுதிக் கொடுத்தேன்.

சீனத்தில் ஆசிரியரை ‘லாவ்ஷி’ என்பார்கள். குடும்பப் பெயரோடு அதைச் சேர்த்து அழைப்பதே மரியாதை. ஆகவே மறுநாள் முதல், வாயிற்காவலர் தொடங்கிக் கல்லூரி முதல்வர் வரை அனைவரும் என் தந்தையாரின் பெயரால் என்னை அழைத்தார்கள். அவர் சிவபதம் அடைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்பின் அறியாத ஊரில் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் அவர் பெயர் கேட்கும்போது எனக்குக் கண் கலங்கும்.

அயல்நாட்டு ஆசிரியர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் சென் என்ற ஆசிரியை இருந்தார். முப்பதைத் தாண்டாத வயது. நேர்மையான பேச்சு.

“இந்தியாவுல இருந்து ஒருத்தர் வர்றாருன்னு எங்களுக்குத் தெரியும், லாவ்ஷி. ஆனா பெத்தவங்க சிலர் வெள்ளைக்காரரை எதிர்பார்த்துட்டாங்க. கொஞ்ச நாள் ஒரு மாதிரி பார்ப்பாங்க. மனசுல வெச்சுக்காதீங்க. இந்தாங்க, வெந்நீர் குடிங்க.”

காய்ச்சலோ கவலையோ, எதுவாக இருந்தாலும் அங்கே முதல் மருந்து வெந்நீர்.

ஒருநாள் வீட்டுக்கு அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது சென் என்னைத் தேடி வந்து உரக்க அழைத்தார். மறுமுனையில் என் மனைவி கோமதி திடுக்கிட்டாள்.

“ஏங்க, யாரு அது, மாமா பேரைச் சொல்லிக் கத்தறது?”

“என்னைத்தான் கூப்பிடறாங்க.”

“நல்லா இருக்குதே கூத்து! போய்ச் சேர்ந்த மனுசனை சீனா வரைக்கும் இழுத்துக்கினு போய் வேலை வாங்கறீங்களா? இனிமே அவங்க கூப்பிட்டா நான் போனை வெச்சுடுவேன். காதால கேக்கவே கூச்சமா இருக்குது.”

நான் சிரித்தேன். அவள் சொன்னபடியே செய்தாள். அழைப்புக் குரல் கேட்டால் இணைப்பு அறுந்துவிடும். அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

2. மாதா கோயில் தெரு எழுந்து நின்றது

வருகைப் பதிவின்போது ஒருநாள் “வாங்” என்று அழைத்தேன். பாதி வகுப்பு எழுந்து நின்றது. அங்கே குடும்பப் பெயர்கள் சிலவே. மாணவரைப் பெயர் முழுவதையும் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் உச்சரிப்பில் அந்த முழுப் பெயர்கள் பட்ட பாட்டைக் கண்ட சென், எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர் வைத்துவிடச் சொன்னார். அது அங்குள்ள வழக்கம்தான். பலர் ஏற்கெனவே தாமாகவே வைத்திருந்தார்கள். ஒருத்தி ஆப்பிள். ஒருவன் மன்டே.

பெயர் வைப்பதை விளையாட்டாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. நாளெல்லாம் இறைவன் திருநாமங்களைப் பாடி வளர்ந்தவனுக்குப் பெயர் என்பது வெறும் அடையாளம் அன்று. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, ஒரு கணம் கண்மூடி, பின்புதான் வைத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த வெளிநாட்டுப் பெயர்கள் எவை? கடற்கரைப் பக்கம் வாழ்ந்த, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் பெயர்கள்தாம். ரோசலி, கிளோதில்த், அந்துவான், ழோசஃபின். மறுவாரம் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது, நம் ஊர் மாதா கோயில் தெருவே எழுந்து நின்று “குட் மார்னிங், லாவ்ஷி” என்றது.

பிள்ளைகள் அப்பெயர்களைப் பெரிதும் விரும்பினார்கள். அப்போது சென் கருவுற்றிருந்தார்.

“உங்க கை ராசியான கை, லாவ்ஷி. என் குழந்தைக்கும் நீங்கதான் இங்கிலீஷ் பேர் வெக்கணும்.”

“பெரியவர்கள் சம்மதித்தால் வைக்கிறேன்” என்றேன்.

“இங்கிலீஷ் பேர்தானே, மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சீனப் பேரு அவரோட பொறுப்பு.”

அந்த எல்லைக்கோட்டை அவர் அன்றே எனக்குக் காட்டிவிட்டார்.

3. முதல் மாத விருந்து

குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் உறவினரை அழைத்து விருந்து வைப்பார்கள். சிவப்புச் சாயம் பூசிய அவித்த முட்டையை வந்தவர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார்கள். உண்ணாதவனாயினும் இரு கையாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பெண் குழந்தை. தாமரை மொட்டுப் போல் உறங்கிக்கொண்டிருந்தாள்.

சென்னின் மாமனார் ஜோவ் பெரியவர், இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். முந்தைய குளிர்காலத்தில் மனைவியை இழந்திருந்தார். அந்த அம்மையாரின் படம் சுவரில் இருந்தது. விடுப்பு முடிந்து சென் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் இந்தப் பெரியவர்தான். சென்னுக்குத் தாயார் இல்லை. பிறந்த வீடோ வேறொரு மாகாணத்தில், வெகு தொலைவில் இருந்தது.

படத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தேன். சாயல் இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த சென்னிடம் மெல்லக் கேட்டேன். “படத்தில் இருக்கும் அம்மாவின் பெயர் என்ன?”

சென் பதில் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பைக்குள் விரல் நுனியை நனைத்து, மேசைமேல் இரண்டு எழுத்துகளை எழுதிக் காட்டினார். ஓரளவு எழுத்துப் படிக்கப் பழகியிருந்த எனக்கு அவை புரிந்தன. எனக்குப் பயிற்சியாகட்டும் என்றே எழுதிக் காட்டுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

பெயர் சூட்டும் நேரம் வந்தது. உறவினர் அனைவரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். ஆங்கிலப் பெயர் ஒன்று ஆயத்தமாக இருந்தது. ஆனால் உள்ளம் நெகிழ்ந்திருந்த அந்நேரத்தில் அது அற்பமாகத் தோன்றியது.

“இக்குழந்தைக்கு அயல்மொழிப் பெயர் எதற்கு? பாட்டியின் பெயரையே வையுங்கள். எங்கள் ஊரில் பிரிந்து போனவர்கள் அப்படித்தான் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள்” என்று சீனத்தில் எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லி, அந்த அம்மையாரின் பெயரை உரத்து, தெளிவாக, இரண்டு முறை உச்சரித்தேன்.

ஜோவ் பெரியவர் உணவுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். சென்னுக்கு முன்னால் மேசையில் இன்னும் ஈரம் உலராத அந்த எழுத்துகளைப் பார்த்தார். எழுந்து உள்ளறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சென்னின் கணவர் என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் காளான் எடுத்து வைத்தார். புறப்பட்டபோது வாயிலையும் தாண்டி, தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு தூரம் வந்தாரே என்பதால்தான் எனக்கு அச்சமாக இருந்தது.

4. “ஒண்ணும் இல்ல, லாவ்ஷி”

மறுநாள் சென்னுடன் அலைபேசியில் பேசினேன்.

“ஒண்ணும் இல்ல, லாவ்ஷி. நீங்க சாப்பிட்டீங்களா?”

“நான் என்ன தவறு செய்தேன்?”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அம்மா, நான் ஆசிரியன். சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.”

அவர் அழத் தொடங்கினார். அப்போதுதான் தெரிந்தது. அவ்வீட்டாரின் மரபில் பெரியவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. அதிலுள்ள ஓர் எழுத்துகூடத் திரும்ப வந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஜோவ் பெரியவர் பல மாதங்களாக அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தம் முன்னோர் எவர் பெயரோடும் முட்டாத எழுத்தைத் தேடியவர். அவர் எதை அவ்வளவு அக்கறையோடு விலக்கினாரோ அதையே நான் கூட்டத்தில் கூவியிருந்தேன்.

“மாமா இன்னா கேட்டாருன்னா… ‘குழந்தை பாலைக் கொட்டினா என் பொண்டாட்டி பேரைச் சொல்லி அதட்டுவீங்களா? பள்ளிக்கூடத்துல அவ பேரைச் சொல்லிப் பசங்க கேலி பண்ணணுமா?’ன்னு கேட்டாரு.”

“நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.”

“உங்க மேல அவருக்குக் கோவமே இல்ல, லாவ்ஷி. நீங்க வெளிநாட்டுக்காரர், உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு. என் மேலதான். பேரை எழுதிக் காட்டினது நான்தானே. நான்தான் உங்களைச் சொல்லவெச்சேன்னு நெனைக்கிறாரு. அத்தை போனப்புறம் இந்த வீட்டுல நான் எனக்கு இஷ்டப்படி நடக்கறேன்னு சொந்தக்காரங்க வேற ஏத்திவிட்டுட்டாங்க. நாளன்னிக்கு ரயில் ஏறி கிராமத்துக்குப் போறாராம். குழந்தைக்குப் பேரும் வெக்க மாட்டாராம். அவர் போயிட்டா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்ல. தாத்தா பேர் வெக்காத குழந்தைன்னு இவளைச் சொல்லுவாங்களே.”

என் நாக்கு, தினமும் திருநாமம் பாடும் நாக்கு, ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது.

5. கோமதி கேட்ட கேள்வி

அன்று வீட்டுக்குப் பேசினேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, “பெயர் வைத்தால் அது மரியாதை இல்லையா? நம் பையனுக்கு அப்பா பெயரைத்தானே வைத்தோம்?” என்றேன்.

“வெச்சது நீங்க. கூப்பிடறது யாரு?”

“நாம் எல்லோரும்தானே?” என்றேன்.

“பெத்த புள்ளைய நான் என்னிக்காவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா? மாமா பேராச்சேன்னு தம்பி, தம்பின்னே காலத்தை ஓட்டிட்டேன். அவனுக்கு மீசை நரைக்கப்போவுது, இன்னும் தம்பிதான். ஸ்கூல்ல சேர்க்கப் போனப்போ ‘பையன் பேரு இன்னாம்மா’ன்னாங்க. நீங்க ஊர்ல இல்ல. நான் சீட்டுல எழுதித்தான் குடுத்தேன். அந்தப் பொண்ணும் எழுதித்தான் காட்டியிருக்குது. மாமியார் பேரை வாயால சொல்லாம இன்னாத்துக்கு எழுதிக் காட்டுதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

எனக்குத் தோன்றவில்லை. பெயரைச் சொல்வதே வழிபாடு என்று ஒரு வழியில் மட்டும் நடந்து பழகியவன் நான். பெயரைச் சொல்லாமல் காப்பதும் வழிபாடாகும் என்பது என் வீட்டுக்குள்ளேயே ஒவ்வொரு நாளும் நிகழ்ந்திருக்கிறது. அதை நான் கேட்டதே இல்லை. சொல்லாத சொல் காதில் எப்படி விழும்?

“அந்தப் பெரியவர் வூட்டுக்குப் போங்க. போய் எனக்கு வீடியோ போடுங்க. நான் பேசறேன்.”

“உனக்குச் சீனம் தெரியாதே.”

“உங்களுக்குத் தெரிஞ்சு இன்னாத்த கிழிச்சீங்க?”

அவர் ரயில் ஏறவிருந்த நாளன்று முற்பகலில் சென்றேன். கதவருகே துணிப்பை கட்டி வைத்திருந்தது. ஜோவ் பெரியவர் என்னை அமரச் செய்து, தேநீர் ஊற்றி, இரு கையாலும் தந்தார். உபசாரத்தில் எள்ளளவும் குறையவில்லை. ஆனால் முகம் மூடியே இருந்தது. சென் குழந்தையோடு சற்று விலகி நின்றார்.

வீட்டை அழைத்தேன். நம் ஊரில் அது காலைக் காப்பி நேரம். திரையில் கோமதி கைகூப்பினாள்.

“அண்ணா, இவரு செஞ்சதை மனசுல வெச்சுக்காதீங்க. இவருக்குப் படிப்பு கொஞ்சம் அதிகம்.”

முதல் பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, மொழிபெயர்ப்பில் குறை வைக்கலாகாது என்று இரண்டாவதையும் சொன்னேன். சென் தயங்கித் தயங்கி அதைச் சீனத்தில் சொல்ல, பெரியவரின் உதடு சற்றே அசைந்தது.

“பெரியவங்க பேரைக் குழந்தைக்கு வெப்பீங்கன்னு இவர் சொன்னாரு. அப்போ அந்தக் குழந்தையை எப்படித் திட்டுவீங்க?” என்று கேட்டார்.

“எங்க திட்டறது? கையை ஓங்கினா மாமா நெனப்பு வந்துடும், கை தானா இறங்கிடும். அப்படித்தான் என் புள்ள அடி வாங்காமலே வளர்ந்துட்டான்.”

“உங்க பையன் பேர் என்ன?”

கோமதி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அலைபேசியைத் திருப்பிச் சுவரில் மாலையிட்ட என் தந்தையாரின் படத்தைக் காட்டினாள். பிறகு ஹெல்மெட்டோடு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்கள் மகனைக் காட்டினாள்.

“அவரும் இவனும் ஒரே பேரு. என் வாயில வராது. இவரையே கேளுங்க.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் வாயால் சொல்லாமல் கையால் என்னையே சுட்டினேன். அவரே கண்டுகொண்டார்.

“நாங்க எல்லாரும் உங்களைக் கூப்பிடறோமே, அந்தப் பேரா?”

“ஆமாம்.”

“இவ்வளவு நாளும் அவங்க காதுல விழுந்திருக்குமே.”

“விழுந்தது. விழும்போதெல்லாம் இணைப்பைத் துண்டித்துவிடுவாள்.”

ஜோவ் பெரியவர் இருக்கையை விட்டு எழுந்தார். திரையை நோக்கித் தலை தாழ்த்தினார். “தெரியாம கூப்பிட்டுட்டோம். பொறுத்துக்கங்க” என்றார். சென் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் கோமதிக்குச் சொன்னேன்.

கோமதி பதறினாள். “ஐயோ, உக்காருங்கண்ணா” என்றாள்.

அவர் அமர்ந்தார். தம் வீட்டுச் சுவரிலிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். “இவளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘பையனோட அப்பா’ன்னுதான் கூப்பிடுவா” என்றார்.

“இங்கயும் அதேதான்” என்றாள் கோமதி.

பிறகு அவர் மருமகளைப் பார்த்தார்.

“அன்னிக்கு நீ எழுதித்தானே காட்டினே?”

“ஆமாம்ப்பா. என் வாயால சொல்லல.”

“எழுதினதைப் பார்த்தேன்.” அவர் மேசையைத் தொட்டுக் காட்டினார். “நீ சொல்லலைங்கறதைப் பார்க்காம விட்டுட்டேன்.”

சென் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார். பெரியவர் தம் கோப்பையில் விரலை நனைத்து, மேசையில் பேத்திக்கென்று பல மாதம் தேடிய பெயரை எழுதினார். அகராதியில் எத்தனையோ பக்கம் கடந்து வந்த அந்தப் பெயரை, எழுதியவுடன் தாமே வாய்விட்டு வாசித்தார். இது சொல்லுவதற்கான பெயர்.

“பால் பேரை அவங்க வெக்கட்டும்” என்று திரையைக் காட்டினார். வீட்டுக்குள் செல்லமாக அழைக்கும் பெயரை அங்கே அப்படிச் சொல்வார்கள்.

கோமதி யோசிக்கவேயில்லை. “அம்மு” என்றாள்.

அதன்பின்

என் பணிக்காலம் முடிந்து நான் ஊர் திரும்பும் வரை, அந்த ஆற்றங்கரை நகரத்தில் நாலாம் மாடிச் சன்னலிலிருந்து ஒரு முதியவர் “அம்மு, அம்மு” என்று அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். சென் வேலையை விடவில்லை. கல்லூரியில் என்னையும் அதற்குப்பின் யாரும் தந்தையாரின் பெயரால் அழைக்கவில்லை. சென் எல்லோரிடமும் சொல்லி, வெறும் ‘லாவ்ஷி’ ஆக்கிவிட்டார்.

ஜோவ் பெரியவர் இப்போது இல்லை. கல்லறைகளைத் துப்புரவு செய்து முன்னோரை வணங்கும் திருநாள் அங்கே வசந்தத்தில் வரும். இவ்வாண்டு அந்நாளில் சென் அலைபேசியில் பேசினார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதாகிவிட்ட அம்மு, தாத்தாவின் கல்லைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் பாட்டியின் கல்லில் இருப்பது என்னவென்று கேட்டாளாம். சென் வாய் திறக்காமல், அவள் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் எழுதிக் காட்டினாராம். குழந்தை கையை மூடிக்கொண்டதாம்.

பிறநாட்டில் கற்பிக்கப் போகிறவர்களே, உங்கள் வேலை பேசுவது. அதற்காகத்தான் உங்களை அழைக்கிறார்கள். ஆனால் உங்களோடு இருப்பவர் ஒன்றைச் சொல்லாமல் கையால் காட்டினால், அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுங்கள். நான் நிற்கவில்லை. நம் வழக்கத்தில் பாதியை மட்டும் எடுத்துச் சென்று அங்கே வைத்தேன். மறுபாதி என் வீட்டு அடுக்களையில் இருந்தது.

அந்த அம்மையாரின் பெயரை நான் இக்குறிப்பில் எங்கும் எழுதவில்லை. என் தந்தையாரின் பெயரையும் எழுதவில்லை. இதை முதலில் படிக்கப்போகிறவள் கோமதி. காலையில் இறைவன் திருநாமங்களை ஓதி முடித்ததும் இப்போதெல்லாம் சற்று நேரம் வாய்மூடி இருக்கிறேன். அந்த இரண்டு பெயர்களும் அங்கே இருக்கின்றன.

இதைப் படிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும், வாய்நிறைய அழைக்கக் குழந்தைகளும், மனத்தில் வைத்துக் காக்கப் பெரியோரும் குறைவின்றி இருப்பார்களாக. போகும் ஊரெல்லாம் உங்கள் நாவுக்கு அம்பலவாணன் துணை நிற்பானாக.